மாத்திரையை நிறுத்திவிட்டு கொம்புச்சா குடிக்கிறேன், சரிதானா டாக்டர்?

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 54. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் கிளிமிப்பிரைடு 1 மி.கி. போன தை மாதம் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொம்புச்சா என்ற புளித்த டீ பானத்தின் 'தாய்' (டீயைப் புளிக்கவைக்கும் வழவழப்பான ஆடை) கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து தன் அம்மா காலத்துப் பீங்கான் ஊறுகாய் ஜாடியில் 2 லிட்டர் டீத்தண்ணீர், 200 கிராம் சர்க்கரை போட்டு, துணி கட்டி, பத்து நாள் வைத்து வடிகட்டி, ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடிக்கிறார். மலச்சிக்கல் சரியாகிவிட்டது, உடம்பு லேசாக இருக்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 168-லிருந்து 134-க்கு இறங்கியது, 3 கிலோ எடையும் குறைந்தது. அமெரிக்காவில் ஆய்வு செய்து கொம்புச்சா சர்க்கரையைக் குறைக்கும் என்று நிரூபித்துவிட்டதாக எங்கோ படித்திருக்கிறார். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்ல, 134-ஐப் பார்த்த தைரியத்தில் மூன்று வாரத்துக்கு முன் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அதற்குப் பிறகு விரலைக் குத்திப் பார்க்கவில்லை.

ஆனாலும் சில விஷயங்கள் அவருக்கு உறுத்துகின்றன. நெஞ்சு எரிகிறது, பல் கூசுகிறது. ஒருநாள் காலை டிபனைத் தள்ளிப்போட்டு, மாத்திரையும் கொம்புச்சாவும் மட்டும் எடுத்துக்கொண்டபோது பதினொரு மணிக்குக் கை நடுங்கி, சேலை நனையும் அளவுக்கு வியர்த்துவிட்டது. நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று மகள் பார்த்த வீடியோவில் சொன்னார்களாம். கணவருக்கு வயது 61, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9, அவருக்குக் கொடுக்கலாமா? ஐந்து மாத கர்ப்பிணி மருமகள் புளிப்புக்கு ஆசைப்பட்டுக் கேட்கிறாள், கொடுக்கலாமா? கடைசியில் ஒரு வரி: "போன தடவை மேலே வெள்ளையாகக் கொஞ்சம் பூத்திருந்தது, வழித்துப் போட்டுவிட்டுக் குடித்தேன், தப்பா?"

அம்மா, நீங்கள் ஒன்றையும் மறைக்காமல் எழுதியது எனக்குப் பெரிய உதவி. பலர் வீட்டில் குடிக்கும் கஷாயத்தையும் பொடியையும் பற்றி மருத்துவரிடம் மூச்சே விடுவதில்லை. சொன்னால் திட்டுவார் என்ற பயம். நான் திட்டப்போவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லியாக வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாளைக்குக் காலையில் எழுந்ததும் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். இந்த வாரத்துக்குள்ளேயே உங்கள் மருத்துவரைப் பார்த்து, மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டதையும் அந்தக் காலை நடுக்கத்தையும் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன், அந்த 134 மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்த எண். மாத்திரையும் கொம்புச்சாவும் இரண்டும் உள்ளே போய்க்கொண்டிருந்த நாளில் எடுத்தது. மாத்திரை இல்லாமல் உங்கள் சர்க்கரை எவ்வளவு என்பது இன்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நன்றாக இருக்கிறேன் என்ற உணர்வை நம்ப முடியாது, 250 இருந்தாலும் பலருக்கு ஒன்றுமே தெரியாது. இன்னொன்று, அந்த 3 கிலோ எப்போது இறங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இறங்கியிருந்தால் சந்தோஷம். நிறுத்திய இந்த மூன்று வாரத்தில் இறங்கியிருந்தால், சர்க்கரை ஏறிச் சிறுநீரில் போவதாலும் எடை அப்படி இறங்கும்.

கிட்னியைக் கெடுப்பது எது?

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்பது நம் ஊரில் வீட்டுக்கு வீடு சொல்லும் பேச்சு. இதனாலேயே மாத்திரையைக் கைவிட்டவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். விஷயம் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக, அதனால் வேறு காரணத்தால் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும், அப்போது அளவைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்ட, ஈஜிஎஃப்ஆர் என்று ஒரு எண் ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும். அது 45-க்குக் கீழே இறங்கினால் அளவைப் பற்றி யோசிப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். கிட்னி கெட்டவர்களுக்கு டாக்டர் இந்த மாத்திரையை நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, மாத்திரைதான் கெடுத்தது என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். வருடக்கணக்கில் சிறுநீரகத்தை அரிப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். கிட்னிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினீர்கள், அந்தப் பயம் நியாயமானது, ஆனால் நிறுத்தியது கிட்னிக்குத்தான் கெடுதல்.

ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டவர் என்பதால் வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அது குறைவது உண்டு. பார்க்க வேண்டிய பக்க விளைவு அதுதான்.

அந்த அமெரிக்க ஆய்வு

நீங்கள் படித்தது பொய் இல்லை. 2023-ல் வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தினமும் சுமார் 240 மி.லி. கொம்புச்சாவை நான்கு வாரம் கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 164-லிருந்து 116-க்கு இறங்கியது. அப்புறம் இடைவெளி விட்டு, குடித்தவர்களுக்கு அதே போன்ற சுவையுள்ள போலிப் பானத்தையும் மற்றவர்களுக்குக் கொம்புச்சாவையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், போலிப் பானத்தில் அந்த அளவு இறக்கம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் ஆர்வம் உண்டாக்கிய செய்திதான்.

ஆனால் மொத்தம் எத்தனை பேர் தெரியுமா? 12 பேர். உங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசையில் உட்காருகிறவர்கள்கூட அதைவிட அதிகம். ஆய்வு செய்தவர்களே இதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள், அதாவது பெரிய ஆய்வு நடத்தலாமா என்று பார்ப்பதற்கான ஒத்திகை. அவர்கள் கொடுத்தது கடையில் விற்கும் ஒரே தயாரிப்பு, ஒவ்வொரு பாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். உங்கள் ஜாடியில் இந்த வாரம் இருப்பதும் அடுத்த வாரம் இருப்பதும் ஒன்றா என்பது உங்களுக்கே தெரியும், ஒரு தடவை அதிகமாகப் புளித்திருக்கும், ஒரு தடவை இனிப்பு தூக்கலாக இருக்கும். அவர்கள் கொடுத்த 240 மி.லி. உங்கள் கணக்கில் ஒரு டம்ளரும் ஒரு மடக்கும்தான், நீங்கள் குடிப்பது 600 மி.லி.

அப்படியென்றால் உங்களுக்கு 168 எப்படி 134 ஆனது? கொம்புச்சாவுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம், நான் இல்லை என்று சாதிக்கமாட்டேன். அது புளிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம் வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், சாப்பாட்டோடு சேரும்போது சர்க்கரை ஏறுவதை அது சற்று மட்டுப்படுத்துவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: கொம்புச்சா குடிக்க ஆரம்பித்ததிலிருந்து மூன்று வேளை காபியையும் சாயங்கால வடை, முறுக்கையும் விட்டுவிட்டதாகவும், பேத்தியைப் பள்ளியில் விட நடந்தே போய்வருவதாகவும். அம்மா, அந்த இறக்கத்தில் பெரும்பங்கு இவற்றுக்குப் போக வேண்டும் என்பது என் கணிப்பு. அது நீங்களே சாதித்தது, ஜாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஜாடிக்குள் நடப்பது

இந்தப் பானத்தைச் சுற்றி நிறையக் கதை உலவுவதால், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஜாடியின் மேலே இளநீர் வழுக்கை போல வழவழவென்று மிதக்கிறதே, அதைப் பலர் காளான் என்கிறார்கள். அது காளான் இல்லை. பாக்டீரியா நெய்த செல்லுலோஸ் ஆடை. ஐஸ்கிரீம் கடையில் ஃபலூடாவின் மேல் சதுரம் சதுரமாகப் போடும் நாட்டா டி கோகோ இருக்கிறதல்லவா, தேங்காய்த் தண்ணீரில் அதே வகைப் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதுதான் அது. ஜாடியில் ஈஸ்ட் முதலில் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலாக மாற்றும், பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக மாற்றும். கள்ளும் வினிகரும் ஒரே பானையில் அடுத்தடுத்து உண்டாவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீனப் பேரரசர்கள் 2000 வருடமாகக் குடித்தார்கள் என்ற கதைக்கு உறுதியான எழுத்துச் சான்று இல்லை. வடகிழக்குச் சீனப் பகுதியிலிருந்து ரஷ்யாவுக்குப் போய், இருபதாம் நூற்றாண்டில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பரவியது என்பது வரைக்கும் சொல்லலாம். பெயரே குழப்பம்தான், ஜப்பானில் கொம்புச்சா என்று கேட்டால் கடல்பாசித் தூளில் போட்ட பானத்தைக் கொடுப்பார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2 லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை என்றால், புளிக்கும் முன் உங்கள் மூன்று டம்ளரில் 60 கிராம் சர்க்கரை இருக்கிறது. "அதையெல்லாம் அந்தத் தாய் தின்றுவிடும்" என்று மகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் தின்பதில்லை. பாதி மிஞ்சினாலே 30 கிராம், ஆறேழு டீஸ்பூன். காபியில் போடுவதை நிறுத்திவிட்டு அதையே இதில் குடிக்கிறீர்கள். புளிப்பு இனிப்பை மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரிவதில்லை.

ஆல்கஹாலும் கொஞ்சம் இருக்கும். 2010-ல் அமெரிக்காவில் கடைகளில் இருந்த கொம்புச்சா பாட்டில்களில் அனுமதித்த 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருப்பதாகத் தெரிந்து அலமாரிகளிலிருந்தே எடுத்தார்கள், தொழிற்சாலையில் தயாரானதிலேயே அப்படி. வீட்டில், அதுவும் கொங்குப் பக்கத்து வெயிலில், அளவு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து நாள், பதினான்கு நாள் என்ற கணக்கெல்லாம் குளிர் நாட்டுச் சமையலறைக்குப் பொருந்துவது, நம் சித்திரை வெயிலில் இட்லி மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்குகிறது, மார்கழியில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாததா?

அந்தக் காலை பதினொரு மணி

நச்சு வெளியேறுகிறது என்பதை மட்டும் தயவுசெய்து மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, காலையில் ஒன்றும் சாப்பிடாதது, உள்ளே கிளிமிப்பிரைடு. இது தாழ்சர்க்கரைக்குப் பாடப் புத்தகத்தில் போடும் உதாரணம். கிளிமிப்பிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். வெறும் வயிற்றில் ஆல்கஹால் கொஞ்சம் சேர்ந்தாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவது குறைந்துவிடும், அது இன்னும் ஆபத்து. அன்று நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாலோ வீட்டில் தனியாக இருந்தாலோ என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் குடியுங்கள், அப்புறம் சாப்பாடு சாப்பிடுங்கள். கிளிமிப்பிரைடு போட்டால் டிபனைத் தள்ளிப்போடவே கூடாது.

நெஞ்செரிச்சலும் பல் கூச்சமும்கூட நச்சு இல்லை, அமிலம். அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பல்லின் எனாமல் பிஎச் 5.5-க்குக் கீழே போனாலே கரைய ஆரம்பிக்கும், கொம்புச்சா சாதாரணமாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்கிறது. அதை ஒரு நாளைக்கு மூன்று முறை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் பல் கூசாமல் என்ன செய்யும்? குடித்த கையோடு பல் தேய்க்காதீர்கள், வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள். நச்சை வெளியேற்றும் வேலையை உங்கள் கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த நாளிலிருந்து செய்துகொண்டிருக்கின்றன, கொம்புச்சா அதை மனிதர்களிடம் கூட்டுகிறது என்று காட்டிய ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் 2003-லேயே எட்சார்ட் ஏர்ன்ஸ்ட் என்ற மருத்துவப் பேராசிரியர் கொம்புச்சாவைப் பற்றி வந்த மருத்துவச் சான்றுகளைத் தேடித் தொகுத்தபோது, பலன் உண்டு என்று காட்டும் ஒரு மனித ஆய்வுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 20 வருடம் கழித்துத்தான் அந்த 12 பேர் ஆய்வே வருகிறது.

ஜாடியை முதலில் மாற்றுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிமிர்ந்து உட்கார வைத்தது எது தெரியுமா? "எங்கம்மா காலத்து ஊறுகாய் ஜாடி" என்ற வரி. பழைய பீங்கான் ஜாடிகளின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சாதாரணமாக அது பூச்சோடு பூச்சாகக் கிடக்கும், ஆனால் இவ்வளவு அமிலமான திரவத்தை வாரக்கணக்கில் ஊறப்போட்டால் ஈயம் கரைந்து பானத்தில் இறங்கும். இது வெறும் கற்பனை பயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு கணவன் மனைவி பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டு ஆறு மாதம் குடித்து, இரண்டு பேருக்கும் ஈய நஞ்சு ஏறி, மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்ற வேண்டியிருந்தது. 1998-ல் அந்த நாட்டு மருத்துவ இதழிலேயே இந்தச் செய்தி வந்தது.

உங்கள் ஜாடியின் பூச்சில் ஈயம் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் தை மாதத்திலிருந்து தினமும் மூன்று டம்ளர் குடித்திருப்பதால், மருத்துவரைப் பார்க்கும்போது ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரிய லேப்களில் செய்கிறார்கள். பேத்தி ஒரு வாய் இரண்டு வாய் குடித்திருந்தாலும் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு ஈயம் கொஞ்சம்கூட ஆகாது. அந்த ஜாடியில் இனி எந்தப் புளிப்பும் வேண்டாம், அம்மா ஞாபகத்துக்கு ஷோகேஸில் இருக்கட்டும்.

வெள்ளைப் பூஞ்சைக்கும் பதில் இதுதான்: வழித்துப் போட்டுவிட்டுக் குடித்தது தப்புதான். புதிதாக உருவாகும் ஆடை வழவழப்பாக, ஈரமாக, வெளிர் நிறத்தில் இருக்கும். அடியில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாகத் தொங்குவது ஈஸ்ட், அதற்குப் பயப்பட வேண்டாம். மேலே உலர்ந்து, பஞ்சு போலவோ பொடி போலவோ வெள்ளை, பச்சை, கறுப்பு நிறத்தில் பூத்திருந்தால் அது பூஞ்சை. பூஞ்சை விடும் நச்சு கண்ணுக்குத் தெரியாமல் திரவம் முழுக்கக் கலந்திருக்கலாம், மேலே வழித்தால் போகாது. தாய், தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். மனசு வராதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

கணவருக்கும் மருமகளுக்கும்

இருவருக்கும் வேண்டாம். இதில் நான் யோசிக்கவே இல்லை.

கிரியாட்டினின் 1.9 என்றால் உங்கள் கணவரின் சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றுவதில் ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 1995-ல் வீட்டில் போட்ட கொம்புச்சாவைக் குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் கடுமையாக ஏறி, ஒருவர் இறந்துபோனார். கொம்புச்சாதான் காரணம் என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை, அதே தாயிலிருந்து எடுத்துக் குடித்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இறந்தவர் அதற்குச் சற்று முன்புதான் குடிக்கும் அளவைக் கூட்டியிருந்தார் என்பதும், அதை விசாரித்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆரோக்கியமானவர்களுக்கு நாளைக்குச் சுமார் 120 மி.லி. வரை தொந்தரவு தராமல் இருக்கலாம் என்று எழுதியதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு, 120 மி.லி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உங்கள் கணவர் புதிதாக எதைக் குடிப்பதாக இருந்தாலும் அவரது சிறுநீரக மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

மருமகளுக்கு, காய்ச்சாமல் உயிரோடிருக்கும் நுண்ணுயிர்கள், அளவு தெரியாத ஆல்கஹால், டீயின் காஃபின், அந்த ஜாடியின் ஈயச் சந்தேகம், இத்தனையும் சேர்ந்து வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஒரு வாய்கூட வேண்டாம். ஏற்கனவே ருசி பார்த்திருந்தால் பதற்றம் வேண்டாம், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புளிப்புக்கு ஆசைப்பட்டால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுங்கள், மாங்காயைக் கழுவிக் கீறிக் கொடுங்கள்.

சரி, இனி குடிக்கவே கூடாதா?

நான் முழுக்கத் தடை போடமாட்டேன். புளிக்கவைத்த உணவு குடலுக்கு நல்லது என்று சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்து வாரம் தயிர், கெஃபிர் (புளித்த பால்), கிம்ச்சி (கொரியாவின் புளித்த முட்டைகோஸ்), கொம்புச்சா என்று புளித்த உணவுகளாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, உடம்பில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. ஆனால் பாருங்கள், அந்தப் பட்டியலில் கொம்புச்சா பலவற்றில் ஒன்று, பலன் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பட்டியலின் முதல் பொருளான தயிர் உங்கள் வீட்டில் தினமும் உறைகிறது. மத்தியானம் ஒரு டம்ளர் மோர், பெருங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு, சர்க்கரை சேர்க்காமல். குடலுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை வைத்துக்கூட ஆய்வு நடத்தியிருக்கிறார்கள், ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் சோற்றின் அளவு பார்த்துத்தான், நீராகாரம் மட்டும் என்றால் கவலை குறைவு.

மலச்சிக்கல் சரியானதில் காபிக்குப் பதிலாக உள்ளே போன அந்த 600 மி.லி. திரவத்துக்கும் நடைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஒரு வாரம் அதே மூன்று வேளைக்கும் தண்ணீரோ மோரோ குடித்து, கூடவே கீரையும் அவரைக்காயும் சேர்த்துப் பாருங்கள், வயிறு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கிரியாட்டினின், ஈஜிஎஃப்ஆர், பி12 எல்லாம் பார்த்து, மாத்திரைகளை மருத்துவர் சரிசெய்து, நெஞ்செரிச்சலும் அடங்கிய பிறகு, அவரும் சரி என்றால் ருசிக்காகக் கொஞ்சம் குடிக்கலாம். ஒரு நாளைக்கு அரை டம்ளருக்கு மேல் வேண்டாம், சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் ஒருபோதும் இல்லை. வேறு வீட்டிலிருந்து புதிய தாய், நன்றாகக் கழுவிய கண்ணாடி ஜாடி, அந்த வீட்டிலேயே ஏற்கனவே புளித்த கொம்புச்சாவைப் பத்தில் ஒரு பங்காவது சேர்த்து ஆரம்பிப்பது (தொடக்கத்திலேயே புளிப்பு இருந்தால்தான் கெட்ட கிருமி தலைதூக்காது), ஆறேழு நாளிலேயே வடிகட்டி ஃபிரிட்ஜில் வைப்பது. ஆன்லைனில் பிஎச் காகிதம் கிடைக்கும், அதில் 4.2-க்குக் கீழே வந்தால்தான் குடிக்க வேண்டும், 2.5-ஐயும் தாண்டி இறங்கிவிட்டால் அது வினிகர், குடிக்க வேண்டாம். பழம் போட்டு இறுக மூடிய கண்ணாடி பாட்டிலை வெளியே வைக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். அதைவிட, சர்க்கரை அளவு அச்சடித்த கடை பாட்டிலை எப்போதாவது வாங்கிப் பாதி குடிப்பது உங்களுக்குப் பாதுகாப்பு, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

இந்த நாட்களில் நிற்காத வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, மனக்குழப்பம், இதில் எது வந்தாலும் மகளுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக 108-ஐக் கூப்பிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மகளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பாட்டிலை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் வீடியோ காலிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள், எந்த மாத்திரை எதற்கு என்று அவளும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எச்பிஏ1சி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். நாளைக் காலை குத்திப் பார்க்கும் எண்ணையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், பக்கத்தில் "மெட்ஃபார்மின் இல்லாமல்" என்று ஒரு குறிப்போடு.